வெருகன் விட்ட ஓகாரம்

வெருகன் என் தலைக்குள் வந்து விழுந்த இடம் பூநகரி. பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பூநகரியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது ஒரு முழுநேர வேலை. கையில் புத்தகம் இல்லாவிட்டால் மனிதர்களைத்தான் வாசிக்க வேண்டும். வறட்சிக் காலம். தண்ணீர்த் தாங்கி ஏற்றிய பவுசர் ஒன்று வந்து வேப்பமர நிழலில் நின்றது. சாரதி இறங்காமலே ஒலிபெருக்கியை வாயருகே பிடித்தார்.

"தண்ணி வந்திருக்குது. எல்லாரும் பாத்திரங்களைக் கொண்டு வாங்கோ. ஓடாமல், ஆறுதலா வாங்கோ."

அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அடியில் மணல், மேலே தண்ணீர். குடங்களும் கலன்களுமாகச் சனம் வந்து வரிசை கட்டியது. அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. அதே மனிதர், அதே வாய். "ஆமாங்கப்பா. சாப்பிட்டீங்களா? வெயில்ல வெளிய போகாதீங்க. நான் வந்துர்றேன்." ஒலிபெருக்கிக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு.

கைப்பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: நீரைக் காவல் காப்பவன். இரண்டு நாக்கு உள்ளவன். காட்டிக்கொடுப்பான்.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருக்கும் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்த வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அம்மா சிரிப்பதோடு விடுவதில்லை, "பென்சன் புத்தகம் எங்கயடி ஆரணி?" என்று கேட்கிறா. ஆனால் ஒலித்தொடர் எழுதும் வேலையில் நான் ஆறு வருடம் இருந்தேன். அந்த வேலை இப்போது கிளிநொச்சியில் இல்லை. வேலையே எழும்பிப் போய்விட்டால், அதைச் செய்துகொண்டிருந்தவளை வேறு எப்படிச் சொல்வது?

போன மாதம் வவுனியாவிலிருந்து மூன்று இளம் ஆட்கள் வந்தார்கள். காவியத் தொடர் ஒன்று செய்கிறார்கள். நடிகர்கள் இல்லை, குரலெல்லாம் கணினி. அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்கள் தொடரைக் கேட்டவர்களாம். ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார்கள்: "அக்கா, வெருகனை எப்பிடித் திருத்தினீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் தங்களுடைய துரோகியின் குரலைப் போட்டுக் காட்டினார். செயலியில் 'கிராமத்து முரடன்' என்று ஒரு தெரிவு இருக்கிறதாம். "என்னா பாக்குற? போய்ட்டு வாங்க" என்றது அந்தக் குரல். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அன்று அவர்களுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இதுதான் அந்தப் பதில்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் விதைநெல்லுக்கும் திருமண மண்டபத்துக்கும் விளம்பர வசனம் எழுதினேன். இரண்டாம் வருடம் ஒரு பேய்த் தொடர். அதில் பேயைத் தவிர எல்லாரும் ஒரே மாதிரிக் கதைத்தார்கள். பிறகுதான் 'ஏழு வான்கதவு'.

எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் ஒரு மா மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. மில் ஓடினால் பதிவு இல்லை. ஆகவே மில்காரர் சாப்பிடப் போகும் ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரைதான் எங்கள் காவிய உலகம் உயிரோடு இருக்கும். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் வண்டி வரும். அதற்கும் நிறுத்த வேண்டும். ஒருமுறை கவனிக்காமல் விட்டுவிட்டோம். போர்க்களத்தில் ராணி மயங்கி விழும் இடத்தில் பின்னால் பாண் வண்டிப் பாட்டு. "யுத்தத்துக்கையும் பாண் விக்கிறாங்களோ?" என்று கேட்டு வந்த குரல்செய்தியை மாதக்கணக்காக எல்லாரும் சொல்லிச் சிரித்தோம்.

தயாரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் மேகலா அக்கா. ஓமந்தையிலிருந்து நாளாந்தம் பஸ்ஸில் வருவா. வானொலியில் பல வருடம் அறிவிப்பாளராக இருந்தவா. பதிவு நடக்கும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பா. நடிகரின் முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம். நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிடித்திருந்தால் "அடுத்தது" என்பா. பிரதியில் சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போடுவா. ஏன் வட்டம் என்று சொல்ல மாட்டா. நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அவாவிடம் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும், ஒவ்வொரு முக்கிய பாத்திரத்துக்கும் அதை நிரப்ப வேண்டும். மூன்று நிரல்கள்: செய்தது, இழந்தது, மன்னிக்காதவர். கெட்டவன் ஒருவன் ஒரு நல்ல காரியம் செய்தால், அதற்காக அவன் எதையாவது இழந்திருக்க வேண்டும். அவனை மன்னிக்காத ஒருவராவது கதையில் மிச்சமிருக்க வேண்டும். இரண்டாம் நிரல் வெறுமையாக இருந்தால் பிரதி திரும்பி வரும்.

"சும்மா திருந்திறவன் திருந்தேல்லை, பிள்ளை. அவனுக்கு அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்" என்பா.

எனக்கு அந்தத் தாள் பைத்தியமாகப் பிடித்திருந்தது. எல்லாப் பாத்திரத்துக்கும் நிரப்பினேன். குதிரைக்குக்கூட.

இனி வெருகன். கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு குளங்கள் உள்ள ஒரு நாடு. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிடும் வான்கதவுகளுக்கு அந்த நாட்டில் காது உண்டு; காவலனின் குரலுக்குத்தான் திறக்கும். ஏழாம் கதவின் காவலன் வெருகன். ஒரு பதவிச் சங்கிலிக்கு ஆசைப்பட்டு, எதிரி சொன்ன நாளில் கதவைக் கூப்பிட்டுத் திறக்கிறான். கீழூர் என்ற கிராமம் தண்ணீரோடு போகிறது. பிறகு அறுபத்தொரு அத்தியாயங்களில் அவன் மெல்ல மெல்ல மனிதனாகிறான். அந்த 'மெல்ல மெல்ல'தான் என் வேலை.

குரலுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பவுசர் சாரதியை விசாரித்துப் பிடித்தேன். பெயர் செல்வராஜ். நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணி கிடைத்து வந்த குடும்பம். எங்கள் வீட்டில் 'வாங்கோ', அவர்கள் வீட்டில் 'வாங்க'. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வாய்க்கால் தூரம்தான் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாள் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவன் எப்பிடிக் கதைப்பான், தங்கச்சி?"

"அண்டைக்குப் பூநகரியில ஃபோனில கதைச்சனீங்களே அண்ணை, அப்பிடிக் கதையுங்கோ. அச்சாவாப் பொருந்தும்."

"அது எங்கட வீட்டுப் பேச்சு."

"அதுதான் அண்ணை வேணும்!"

பிரதியை இன்னொருமுறை முதலிலிருந்து புரட்டினார். பிறகு ஒலிவாங்கியிடம் போனார். வெருகன் வாயைத் திறந்தான். மேகலா அக்கா திரும்பாமலே, "அடுத்தது" என்றா.

நான் துள்ளிக் குதிக்காத குறை. "அந்தத் தொனியை எங்கயிருந்து பிடிச்சியள், அண்ணை?"

"அது எங்கட அப்பான்ர குரல்" என்று சிரித்தார். அதை நான் ஒரு நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

தொடர் வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு வெளிவரும். செல்வராஜ் அண்ணையின் அப்பா ஐந்தரைக்கே தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பாராம். தன் குரலில் ஒருவன் கதவைத் திறக்கிறான், பொய் சொல்கிறான், ஊரைக் காட்டிக்கொடுக்கிறான். மனிதர் கோபப்படவில்லையாம். "அப்பா சொல்லுறார், இவன் திருந்துவான் பார் எண்டு. எங்கட மாதிரிக் கதைக்கிறவன் கடைசிமட்டும் கெட்டவனா இருக்கமாட்டானாம்." செல்வராஜ் அண்ணை இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அறுபத்தோராம் அத்தியாயம் ஒரு புதன்கிழமை பதிவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டும். முழுக்கதையும் இந்த இடத்துக்காகத்தான் நடந்து வந்தது. எதிரி திரும்பவும் வருகிறான். வெள்ளமும் வருகிறது. பத்து வருடத்துக்கு முன் வெருகனால் மூழ்கிய கீழூரின் மிச்சச் சனம் பள்ளத்தில் நிற்கிறது. அவர்கள் குளக்கட்டில் ஏறினால் பிழைப்பார்கள். கூப்பிடுவதோ அதே வெருகன், அதே குரல். நம்புவார்களா?

வசனம் இப்படி இருந்தது: "எல்லாரும் கட்டுக்கு ஏறி வாங்கோ. இந்த முறை நான் கதவைத் திறக்கமாட்டன்."

செல்வராஜ் அண்ணை வாசித்தார்: "எல்லாரும் கட்டுக்கு ஏறி வாங்க. இந்தத் தடவ நான் கதவத் தொறக்க மாட்டேன்."

எங்களிடம் பிழைத்தாள் ஒன்று இருக்கும். நடிகர் ஒவ்வொரு முறை பிழைவிடும்போதும் அந்த வசனத்துக்கு நேரே ஒரு கோடு. நான் ஒரு கோடு போட்டேன். "இன்னொருக்கா, அண்ணை."

"எல்லாரும் கட்டுக்கு ஏறி வாங்க."

இரண்டாம் கோடு. "ஓ விடுபடுது அண்ணை. வாங்கோ."

"எல்லாரும் கட்டுக்கு ஏறி வாங்க."

மூன்றாம் கோடு. "அண்ணை, ஓ..."

"விடுபடல தங்கச்சி. நான்தான் விட்டேன்."

இரண்டு வருடத்தில் அவர் என்னோடு அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வெருகனுக்காக இல்லாமல், தனக்காக அந்தப் பேச்சில். மேகலா அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பினா. அதுவும் முதல் தடவை.

நான் கெட்டிக்காரி. பதில் கையில் இருந்தது. "அண்ணை, இது கற்பனை நாடு. இதில யாழ்ப்பாணமும் இல்லை, மலைநாடும் இல்லை. நான் ஆரையும் நினைச்சு எழுதேல்லை."

"கற்பனை நாட்டுக்கு இந்த ஓ எப்படி வந்துச்சு?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"திருடுறப்ப, பொய் சொல்றப்ப, காட்டிக்குடுக்குறப்ப எங்கப்பா குரல் வேணும். நல்லவனானதும் ஒங்க குரலா? எங்க குரல்ல ஒருத்தன் நல்லது சொல்லவே கூடாதா தங்கச்சி?"

பாண் வண்டி வந்துவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. அதில் இதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் பாண் வண்டிப் பாட்டோடுதான் கேட்கும்.

"எங்கப்பா இப்ப கேக்குறதே இல்ல. நாப்பத்தேழாவதுல வெருகன் அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுத்தான்ல? அதுதான் அவன் செஞ்ச மொத நல்ல காரியம். அப்பா ஒரு வருசமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு. அவன் 'குடியுங்கோ'ன்னான். அப்பா ஃபோனக் கீழ வச்சிட்டாரு. 'அவன் போயிட்டான்டா, இது வேற யாரோ'ன்னாரு. பதினாலு கிழமையாச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"சொல்லியிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க? கற்பனை நாடுன்னுதான?"

கீழே மில் ஓடத் தொடங்கியது. அன்றைய பதிவு முடிந்தது.

நான் பிழைத்தாளையும் பழைய பிரதிகளையும் அள்ளிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நாற்பத்தாறாம் அத்தியாயம்: "என்னா வேணும் ஒங்களுக்கு?" நாற்பத்தேழு: "தண்ணி குடியுங்கோ." இரண்டுக்கும் நடுவில் ஒரு குறிப்பு, ஒரு தீர்மானம், ஏதாவது இருக்கும் என்று தேடினேன். என் குறிப்புப் புத்தகத்தில் அவனுடைய குதிரையின் நிறம் மாறியதற்குக்கூட அரைப்பக்கக் காரணம் இருந்தது. பேச்சு மாறியதற்கு ஒரு சொல் இல்லை. யாரும் சொல்லாமலே என் கை அந்த ஓவைப் போட்டிருந்தது. அவன் நல்லவனாகிறான், ஆகவே எங்களைப் போலக் கதைக்கிறான். அது எனக்குக் காரணம் தேவைப்படாத காரியமாக இருந்திருக்கிறது.

மடியில் பிழைத்தாள். அதில் மூன்று பென்சில் கோடுகள். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினேன். இந்தக் கோடுகளை நான் முன்பும் போட்டிருக்கிறேன்.

நாலாம் வகுப்பு. என் பக்கத்தில் விஜயா என்ற பிள்ளை இருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. பேச்சுப் போட்டியில் நான் முதலாவது; ஆகவே விஜயாவின் பேச்சைப் 'பார்த்துக்கொள்ளும்' பொறுப்பை ரீச்சர் எனக்குத் தந்தா. விஜயா 'வாங்க' என்றால் அவளுடைய கொப்பியின் ஓரத்தில் ஒரு கோடு. 'போங்க' என்றால் இன்னொரு கோடு. பத்துக் கோடு சேர்ந்தால் எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று 'வாங்கோ, போங்கோ, இருங்கோ' என்று சொல்ல வேண்டும். அது எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது. கொஞ்ச நாளில் கோடுகள் குறைந்தன. விஜயா திருந்திவிட்டாள் என்று ரீச்சரிடம் போய்ச் சொன்னேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அவள் கதைப்பதை விட்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வீட்டில் அம்மாவோடு ஒரு பேச்சு, மேடையில் ஒரு பேச்சு, கொழும்பிலிருந்து யாரும் வந்தால் வேறொரு பேச்சு. எனக்கு மூன்று இருந்தன. அதை நான் ஒருநாளும் மூன்று நாக்கு என்று எழுதியதில்லை. படிப்பு என்றுதான் நினைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து சனத்தைக் கூப்பிட்டுவிட்டு, அப்பாவிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்ட மனிதரைப் பார்த்துத்தான் இரண்டு நாக்கு என்றும், காட்டிக்கொடுப்பான் என்றும் எழுதினேன்.

அடுத்த நாள் காலை, மேகலா அக்காவின் மேசையில் பதினாலு பிரதிகளையும் பதினாலு தாள்களையும் வைத்தேன். அவா ஒவ்வொன்றாகப் புரட்டினா. பழைய வட்டங்கள் அங்கங்கே இருந்தன. ஓகாரத்தில் ஒரு வட்டமும் இல்லை.

"எனக்கும் கேக்கேல்லை" என்றா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இவ்வளவு காலம் காதை வைச்சுத்தானே சாப்பிட்டனான்."

பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டா: "நாப்பத்தேழில அவன் என்ன இழந்தான்?"

தாளில் 'பதவிச் சங்கிலி' என்று எழுதியிருந்தேன். "பேச்சையும் இழந்திருக்கிறான் அக்கா. நான் அதை எழுதேல்லை. ஏனெண்டா, எனக்கு அது இழப்பு எண்டே படேல்லை. திருத்தம் எண்டு நினைச்சனான்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. திருந்துவது அவன் செய்ய வேண்டிய வேலை. திருத்துவது நான் செய்தது. விஜயாவுக்குச் செய்தது போல.

செல்வராஜ் அண்ணை ஒன்றரைக்கு வந்தார். வருவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். மேகலா அக்கா எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டா. பதினாலு அத்தியாயத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. நான் விடியவே எழும்பி ஒரு புதுக் காட்சி எழுதி வைத்திருந்தேன். வெருகன் குளக்கட்டில் நின்று, தான் இவ்வளவு நாளும் இன்னொருவரின் நாக்கை வாங்கிப் பேசியதாகவும், இப்போதுதான் தன் தாய் தந்த பேச்சுக்குத் திரும்புவதாகவும் சொல்லி அழுகிறான். ஒன்றரைப் பக்கம். நன்றாகவே இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

செல்வராஜ் அண்ணை முழுவதையும் வாசித்தார்.

"நல்லா இருக்கு. வேணாம்."

"ஏன் அண்ணை?"

"ஒங்க ராணி வாங்கோங்கிறா. அதுக்கு எந்த எடத்திலயாவது காரணம் சொல்லியிருக்காளா?"

"இல்லை."

"அப்ப இவன் மட்டும் என்னாத்துக்கு?"

மேகலா அக்கா பென்சிலை எடுத்தா. வட்டம் போடவில்லை. ஒன்றரைப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடு இழுத்தா.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அப்போது மூன்றாம் நிரல் ஞாபகம் வந்தது. இத்தனை காலமாகப் பாத்திரங்களுக்கு எழுதிய விதி அது: மன்னிக்காத ஒருவர் இருக்க வேண்டும், அவரை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தக்கூடாது. நான் கேட்டால் செல்வராஜ் அண்ணை, 'பரவாயில்லை தங்கச்சி' என்று சொல்லியே ஆக வேண்டும். அவர் அப்படிப்பட்ட மனிதர். அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவதா? "பிழை என்ர, அண்ணை" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒலிவாங்கியிடம் போனார்.

மேகலா அக்கா கண்ணாடிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டா.

"எல்லாரும் கட்டுக்கு ஏறி வாங்க. இந்தத் தடவ நான் கதவத் தொறக்க மாட்டேன். என்னைய நம்ப வேணாம். தண்ணியப் பாருங்க. பாத்துட்டு வாங்க."

கடைசி மூன்று வசனங்கள் பிரதியில் இல்லை. அவரே போட்டது. கீழூர்ச் சனம் ஏன் ஏற வேண்டும் என்பதற்கு நான் நாலு பக்கம் எழுதியும் கிடைக்காத பதில் அதில் இருந்தது. தன்னை நம்பச் சொல்லிக் கேட்காத இடத்தில்தான் வெருகன் உண்மையாகத் திருந்தினான்.

பிறகு மேகலா அக்கா, "அடுத்தது" என்றா.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வெளியானது. நான் பாராட்டை எதிர்பார்த்தேன், ஏன் மறைப்பான்? ஆறரைக்குக் குரல்செய்திகள் வரத் தொடங்கின. நாயாற்றிலிருந்து ஒருவர், பின்னால் கடல் இரைச்சல் கேட்கிறது: "வெருகன் திரும்பவும் பழையபடி கதைக்கிறானே. சனத்தைக் கட்டில ஏத்திப்போட்டுக் கட்டை உடைக்கப்போறான் போல. கவனம் பிள்ளையள்!" ஒரு பெண்: "திருந்தினவன் ஏன் திரும்பக் கெட்டுப்போனவன்?" இன்னொருவர்: "குரல்காரர் மறந்துபோய்ப் பழைய மாதிரிக் கதைச்சிட்டார். திருத்திப் போடுங்கோ." இப்படியே வந்துகொண்டிருந்தன.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அக்கறையோடுதான் சொன்னார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் பழக்கிவிட்ட காதுகள் அவை. ஓ விடுபட்டால் ஆபத்து என்று அந்தக் காதுகளுக்குக் கோடு போட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வவுனியாவிலிருந்து வந்த மூவரும் அந்தச் சிரிப்பை எங்கிருந்து கற்றார்கள் என்று நான் தேடிப் போகத் தேவையில்லை.

அடுத்த அத்தியாயத்தோடு தொடர் முடிந்தது. சில மாதங்களில் நாடகப் பிரிவையும் மூடினார்கள். மேகலா அக்கா ஓமந்தையில் இருக்கிறா. தாள்களை எனக்கே தந்துவிட்டா. செல்வராஜ் அண்ணை இப்போதும் பவுசர் ஓட்டுகிறார். இப்போது ஒலிபெருக்கியில், "தண்ணி வந்திருக்கு, வாங்க" என்றுதான் சொல்கிறாராம். சனம் முன்போலவே வருகிறது.

அந்த மூவரும் போன பிறகு அவரைத் தேடிப் போனேன். வாய்க்காலைத் தாண்டிப் போக எனக்கு முப்பத்திரண்டு வருடம் எடுத்திருக்கிறது. அப்பா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பேசத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது: வெருகன். அடியில் மணல், மேலே தண்ணீர்.

மகன் அறுபத்தோராம் அத்தியாயத்தை அப்போதே அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். முழுவதும் கேட்டாராம். இப்போது, எழுதியவள் நான்தான் என்று தெரிந்ததும், என்னிடம் கேட்டார்.

"கடைசியில அவன் வந்துட்டான். அது சரி. நடுவுல அந்தப் பதினாலு கெழம அவன் எங்கம்மா போயிருந்தான்?"

செல்வராஜ் அண்ணை, "அப்பா, விடுங்க" என்றார். கிழவர் விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி.

"கண்டுபிடிச்சிட்டு வாறன், அப்பா" என்றேன்.

"கண்டுபிடிச்சிட்டு வாங்க" என்றார்.

ஆகவே, வவுனியா மூவருக்கு: வெருகனை எப்படித் திருத்தினேன் என்று கேட்டீர்கள். திருத்தியது நான் விட்ட பிழை. உங்கள் துரோகிக்கு எந்தக் குரலையும் வையுங்கள். ஆனால் அவன் நல்லவனாகும் நாளில் அந்தக் குரலை மாற்ற உங்கள் கை போகிறதா என்று மட்டும் பாருங்கள். என்னால் உங்களுக்குத் தரக்கூடியது மேகலா அக்காவின் தாள் ஒன்றுதான். அதில் நான் நாலாவதாக ஒரு நிரல் சேர்த்திருக்கிறேன்: யாருடைய பேச்சு.

அந்தப் பதினாலு அத்தியாயத்தையும் திரும்பப் பதிவுசெய்யத் தொடங்க, வருகிற ஞாயிறு அந்த வீட்டுக்குப் போகிறேன். கூடமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. தொலைபேசியும், ஒலி எதிரொலிக்காமல் இருக்கத் தலைக்கு மேலே போர்த்த இரண்டு போர்வையும் இருக்கின்றன. செல்வராஜ் அண்ணை பவுசரை விட்டுவிட்டு வரும் நேரத்தில் ஒரு கிழமைக்கு ஒரு அத்தியாயம் என்றால், பதினாலு கிழமை. அவருடைய அப்பா முற்றத்தில் இருந்து கேட்பார். எங்கேயாவது வெருகன் காணாமற்போனால் கையைத் தூக்குவார் என்று பேச்சு. யாருக்குப் போட்டுக் காட்டுவது, எங்கே வெளியிடுவது என்பதெல்லாம் பிறகு.

நாற்பத்தேழாம் அத்தியாயத்தின் பிரதியை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். வறண்ட குளத்தின் நடுவில் எதிரியின் பிள்ளை விழுந்து கிடக்கிறது. வெருகன் தன் கடைசிக் குடுவையைத் திறக்கிறான். ஒரு வசனம்தான் மாற வேண்டும். பென்சிலை எடுத்து மாற்றிவிட்டேன்.

"தண்ணி குடிங்க."